வான்வழித் தொலைவும் நிலவளவை வரலாறும்: நெய்வேலி–சென்னைத் தொலைவை முன்னிட்டு ஓர் ஆய்வு

1. முன்னுரை

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் வடக்குத்து. அவ்வூரினின்று சென்னைக்குச் செல்வோர் பண்ணுருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கற்பட்டு ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சாலைவழிச் செல்வர். ஆயின், நெய்வேலி நகரியத்தை ஒட்டியுள்ள வானூர்தித் தளத்திற்கும் சென்னை மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 169 கிலோமீட்டர் என்று கணக்கிடப்படும். சாலைத் தொலைவைச் சக்கரத்தாலோ சங்கிலியாலோ அளந்து காணலாம். வான்வழித் தொலைவை அவ்வாறு அளந்தவர் எவருமிலர், அளத்தலும் இயலாது. அங்ஙனமாயின் அவ்வெண் எங்ஙனம் பெறப்பட்டது? எவற்றை அடிப்படையாகக் கொண்டது? எவ்வளவிற்கு நம்பத்தக்கது? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வான்வழித் தொலைவு என்பது அளக்கப்படுவதன்று, கணிக்கப்படுவது. கணிப்பிற்கு அடிப்படையாவன மூன்று: இரண்டிடங்களின் நிலை, நிலவுலகின் வடிவம், அளவின் அலகு. இம்மூன்றையும் குறிப்பிடாது கூறும் எண் முழுமையான செய்தியாகாது. இம்மூன்றும் தமிழகத்தில் எவ்வாறு நிலைபெற்றன என்பதை அறிவார்க்கு ஒரு வியப்பு உண்டு. நெய்வேலிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட இதே நிலப்பரப்பிலேதான், 1802ஆம் ஆண்டு தொடங்கி, இந்திய நாட்டின் துல்லியமான நிலவளவைக்கு வித்திடப்பட்டது.

2. வழித்தொலைவும் நேர்த்தொலைவும்

பண்டைத் தமிழர் நெடுந்தொலைவைக் காதம் என்னும் அளவாற் குறித்தனர். சிலப்பதிகாரத்தில், மதுரை எவ்வளவு தொலைவினது என வினவிய கண்ணகிக்குக் கோவலன் முப்பது காதம் என விடை கூறுகின்றான். அகராதியார் காதத்தை ஏறத்தாழப் பத்து மைல் என்பர். அவ்வாறு கொள்ளின் முப்பது காதம் 300 மைலாகும். இன்றைய நிலப்படத்தின்படி பூம்புகாருக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவோ ஏறத்தாழ 233 கிலோமீட்டர். அஃதாவது 145 மைலே. அவ்விருவரும் உறையூர் வழியே சென்றமையின் வழி வளைந்தது எனினும், பூம்புகாரினின்று உறையூர், உறையூரினின்று மதுரை என இரு நேர்கோடுகளைக் கூட்டிப் பார்ப்பின் 250 கிலோமீட்டருக்கு மேற் பெரிதும் மிகாது. வழி எத்துணை வளைந்ததெனினும் அஃது இருமடங்காதல் அரிது. ஆகவே, காப்பியம் குறிக்கும் காதத்தைப் பத்து மைலாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஐந்து அல்லது ஆறு மைல் எனக் கொள்ளுதலே ஏற்புடைத்து.

இதனால் அறியத்தக்கது யாதெனில், காதம் என்பது நடந்து செல்வார்க்குரிய வழித்தொலைவு என்பதும், அதன் அளவு காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வேறுபட்டது என்பதுமாம். இது பண்டையோர்தம் குறையன்று. வழிநடைச் செலவிற்கு வேண்டுவது வழியின் நீளமேயன்றி நேர்கோட்டின் நீளமன்று. நேர்கோட்டின் நீளம் கடலோடிக்கும் வானோடிக்குமே வேண்டப்படுவது. நிலவுலகு கோளவடிவினது என்னும் கருத்தும் இந்நாட்டிற்குப் புதிதன்று. கி.பி. 499இல் ஆரியபட்டர் நிலவுலகின் விட்டத்தை 1,050 யோசனை எனக் குறித்தார். கோணங்களுக்குரிய அரைநாண் வாய்பாட்டையும் வகுத்தார். இரண்டிடங்களின் நேர்த்தொலைவைக் கணித்தற்கு வேண்டிய கணக்கியற் கருவி அன்றே ஓரளவு அமைந்திருந்தது. அமையாதிருந்தது இடங்களின் நிலையைப் பற்றிய துல்லியமான அறிவே.

3. சென்னையின் தீர்க்கரேகை

ஓரிடத்தின் நிலையைக் குறிப்பன அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆம். இவை பாகையாற் கூறப்படும். பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை. கலையின் அறுபதில் ஒரு கூறு விகலை. அட்சரேகையைக் காண்டல் எளிது. விண்மீனின் உயரத்தை அளந்து ஓரிரவிலேயே கண்டுவிடலாம். தீர்க்கரேகையைக் காண்டலோ அரிது. ஏனெனில் அது காலவேறுபாட்டைப் பற்றியது. கிரீன்விச்சில் இப்பொழுது மணி என்ன என்பதைச் சென்னையிலிருந்தவாறே அறிதல் வேண்டும். தந்தியில்லாக் காலத்தில் இதற்கு வானமே கடிகாரமாக அமைந்தது. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தை ஈரிடங்களிலும் குறித்து, அவற்றின் வேறுபாட்டைக் கண்டனர்.

சென்னையில் 1786இல் வில்லியம் பெற்றி என்பார் தம் சொந்த முயற்சியால் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்டது. கருவியைத் தாங்குதற்கென அங்கு நாட்டப்பட்ட கருங்கற்றூணில் பிற மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டது. புதிய கணிதவியற் செய்தியொன்று தமிழிற் கல்மேற் பொறிக்கப்பட்ட சான்றாக அத்தூண் தமிழாய்வாளர்தம் கருத்திற்குரியது.

அக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையை 80 பாகை 18 கலை 30 விகலை எனக் கண்டார். சென்னை நேரம் கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என்பது இதனின்று பெறப்பட்டதே. பின்னர் நிலவளவையார் 80 பாகை 17 கலை 21 விகலை என்னும் மதிப்பை மேற்கொண்டனர். தந்தி வந்தபின் நிகழ்ந்த ஆய்வுகள் உண்மை மதிப்பு 80 பாகை 15 கலையினும் சற்றுக் குறைந்தது எனக் காட்டின. கோல்டிங்காம் கண்ட மதிப்பிற்கும் பின்னர்க் கண்டதற்கும் உள்ள வேறுபாடு காலவகையிற் பதினான்கு நொடியளவே. ஆயின் அப்பதினான்கு நொடி நிலத்தின்மேல் ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டராக விரிகின்றது. நிலவுலகு ஒரு நொடியிற் சுழலும் அளவு இத்துணைப் பெரிதாதலின், கடிகாரப் பிழை நிலப்படப் பிழையாக மாறிற்று.

4. பரங்கிமலை அடிக்கோடும் திருவந்திபுரமும்

நிலையை வானத்தால் அறிந்ததோடு அமையாது, நிலத்தாலும் அறிய முற்பட்டவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்பிரல் 10ஆம் நாள் தொடங்கி மே 22ஆம் நாள் முடிய, பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அவர் அளந்தார். இன்று மீனம்பாக்கம் வானூர்தி நிலையம் பரங்கிமலைக்கு அணித்தாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. வான்வழித் தொலைவின் ஒரு முனையாகிய இந்நிலையத்தின் அருகிலேயே, இந்நாட்டு முக்கோண அளவையின் முதற்கோடும் அளக்கப்பட்டது.

முக்கோண அளவையின் முறை வருமாறு: ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரியின், ஏனைய பக்கங்களைக் கணித்தறியலாம். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் நிலத்தில் அளந்து, பின்னர்க் குன்றுகளினின்று கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தொடர்ந்து செல்லலாம். ஆற்றையும் காட்டையும் சங்கிலி கடக்க வேண்டுவதில்லை. பார்வை கடந்தாற் போதும். குன்றில்லாக் காவிரிச் சமவெளியிற் கோயிற் கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுங்கால், அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவி சுவரில் மோதிச் சிதைந்ததும், லாம்டனே அதனைச் செப்பஞ் செய்ததும் யாவரும் அறிந்த செய்திகள்.

பரங்கிமலையினின்று தொடங்கிய முக்கோணங்களைக் கொண்டு லாம்டன் முதன்முதற் கண்ட தீர்க்கவட்ட வில், கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் குன்றிற்கும் சென்னைக்கு வடக்கிலுள்ள மற்றொரு நிலையத்திற்கும் இடைப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 1 பாகை 35 கலை. 1805இல் வெளியான அவர்தம் கட்டுரை, இப்பகுதியில் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் ஏறத்தாழ 3,63,000 அடி எனக் காட்டிற்று. இது 110.6 கிலோமீட்டராகும். இக்காலத்தார் செயற்கைக்கோள் வாயிலாகக் கண்ட மதிப்பும் 110.6 கிலோமீட்டரே. எஃகுச் சங்கிலியும் கோணக் கருவியுமே துணையாகக் கண்ட எண் இரு நூற்றாண்டு கடந்தும் பிறழாது நிற்றல் பாராட்டற்குரியது.

திருவந்திபுரத்திற்கும் நெய்வேலிக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டரே. அக்காலத்தில் நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி உண்டென்பதை அறிந்தார் இலர். நிலக்கரி நிறுவனம் தோன்றியது 1956இல். சுரங்கப்பணி நேருவால் தொடங்கப்பெற்றது 1957இல். நகரியமும் வானூர்தித் தளமும் அதன் பின்னர் எழுந்தனவே. எனினும், அத்தளத்தினின்று சென்னை எவ்வளவு தொலைவு என்று கணித்தற்கு வேண்டிய அடிப்படை அவை எழுமுன்னரே அணித்தாக அமைந்துவிட்டது.

5. கணிக்கும் முறை

இனி, நெய்வேலி–சென்னைத் தொலைவைக் கணித்துக் காண்போம். நெய்வேலித் தளத்தின் நிலை, கலையளவிற் கூறின், வட அட்சம் 11 பாகை 37 கலை, கீழ்த் தீர்க்கம் 79 பாகை 32 கலை. மீனம்பாக்கத்தின் நிலை வட அட்சம் 13 பாகை, கீழ்த் தீர்க்கம் 80 பாகை 11 கலை. அட்ச வேறுபாடு 83 கலை; தீர்க்க வேறுபாடு 39 கலை.

நிலவுலகைச் சீரான கோளமாகக் கொள்ளின், அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைலாகும். கடல் மைல் 1,852 மீட்டர் என 1929இல் மொனாக்கோவிற் கூடிய பன்னாட்டு மாநாடு வரையறுத்தது. தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குதலின், தீர்க்க வேறுபாட்டை இடைப்பட்ட அட்சரேகையின் கோசைனாற் பெருக்குதல் வேண்டும். இடை அட்சம் 12 பாகை 18½ கலை. அதன் கோசைன் 0.977. எனவே 39 கலை 38.1 கடல் மைலாகக் குறைகின்றது. வடக்கே 83, கிழக்கே 38.1 எனக் கொண்டு செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணின் 91.3 கடல் மைல் வரும். அது 169.1 கிலோமீட்டராகும்.

இஃது அண்மையிலுள்ள இடங்களுக்கு மட்டுமே பொருந்துவது. நெடுந்தொலைவிற்கு வடதுருவத்தையும் ஈரிடங்களையும் மூன்று முனைகளாகக் கொண்ட கோள முக்கோணத்தைத் தீர்த்தல் வேண்டும். அம்முக்கோணத்தில் ஈரிடங்களை இணைக்கும் பெருவட்ட வில்லே மிகக் குறுகிய வழியாகும். அவ்வில்லின் கோசைன், இரு அட்சங்களின் சைன்களைப் பெருக்கியதனோடு, அவற்றின் கோசைன்களையும் தீர்க்க வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கியதனைக் கூட்டியதற்குச் சமம்.

இச்சூத்திரம் பிழையற்றது, ஆயினும் அண்மையிடங்களுக்குப் பயன்படுத்துங்கால் விழிப்பு வேண்டும். நெய்வேலி–சென்னைத் தொலைவின் கோசைன் 0.99965 என அமையும். நான்கு இலக்க வாய்பாட்டைக் கையாள்வோர் இதனை 0.9996 எனக் கொள்வர். அதனின்று தொலைவைக் காணின் 169 கிலோமீட்டருக்கு மாறாக 180 கிலோமீட்டர் வரும். சூத்திரம் பிழைக்கவில்லை, வாய்பாட்டின் குறுமை பிழை விளைத்தது. இது கருதியே கடலோடிகள் ஹாவர்சைன் என்னும் வேறொரு வாய்பாட்டை மேற்கொண்டனர்.

6. நிலப்படங்களை மயக்குதலால் வரும் பிழை

மேற்கூறிய கணக்கில் இரண்டிடங்களின் நிலைகளும் ஒரே அடிப்படையில் எடுக்கப்பட்டன. இதுவே ஆய்வாளர் முதற்கண் உறுதி செய்யவேண்டுவது. ஏனெனில், இந்திய நிலவளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் முற்கூறிய 80 பாகை 17 கலை 21 விகலை என்னும் சென்னைத் தீர்க்கரேகையையே அடிப்படையாகக் கொண்டவை. இந்திய நாடு முழுமைக்குமுரிய தீர்க்கரேகைகள் அனைத்தும் சென்னையினின்றே எண்ணப்பட்டமையின், சென்னையின் பிழை நாடு முழுவதும் பரவிற்று. ஆகவே அப்படங்களிற் காணும் ஒவ்வொரு தீர்க்கரேகையினின்றும் 2 கலை 27 விகலையைக் கழித்தல் வேண்டும் எனப் பின்னர் வரையறுக்கப்பட்டது. நிலத்தில் இஃது ஏறத்தாழ நான்கரைக் கிலோமீட்டர்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். எல்லா இடங்களும் நான்கரைக் கிலோமீட்டர் கிழக்கே தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தால், அப்படங்களைக் கொண்டு கணித்த தொலைவுகள் யாவும் பிழையாதல் வேண்டுமன்றோ? அன்று. தொலைவு என்பது வேறுபாட்டினின்று பிறப்பது. இரண்டிடங்களும் ஒருபடித்தாகத் தள்ளியிருப்பின் வேறுபாடு மாறாது. பிழை தானே நீங்கும். பழைய படத்தின் இரு முனைகளைக் கொண்டு கணித்தாலும் 169 கிலோமீட்டரே வரும். ஆகவேதான் அப்பிழை நெடுங்காலம் எவரையும் இடர்ப்படுத்தவில்லை.

ஒரு முனையைப் பழைய படத்தினின்றும் மற்றொரு முனையைப் புதிய பட்டியலினின்றும் எடுப்பவரே இடர்ப்படுவர். நெய்வேலியைப் பழைய படத்தினின்றும் மீனம்பாக்கத்தைப் புதிய பட்டியலினின்றும் எடுத்துக் கணிப்பின், தீர்க்க வேறுபாடு 39 கலையினின்று 36½ கலையளவாகக் குறையும், தொலைவு 167.3 கிலோமீட்டர் என வரும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் மறைந்துவிடும். அவ்விடை நம்பத்தகாததாகத் தோன்றாது. அதுவே அதன் தீமை. பெரும்பிழை தன்னைக் காட்டிக்கொள்ளும். சிறுபிழை மறைந்து நிற்கும். இரு சுவடிகளின் பாடங்களை ஆராயாது ஒன்றெனக் கலந்து பதிப்பிப்பார்க்கு நேரும் இடர் எத்தகையதோ, அத்தகையதே இதுவும்.

7. நிலவுலகின் வடிவும் நிலையத்தின் புள்ளியும்

நிலவுலகு சீரான கோளமன்று. துருவங்களிற் சற்றுத் தட்டையானது. நியூட்டன் இதனைக் கோட்பாட்டளவிற் கூறினார். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் லாப்லாந்திலும் பெருவிலும் அளந்து மெய்ப்பித்தனர். நடுக்கோட்டின் அருகே ஒரு பாகை அட்சத்தின் நீளம் 110.6 கிலோமீட்டராகவும், துருவத்தின் அருகே 111.7 கிலோமீட்டராகவும் உள்ளது. லாம்டன் திருவந்திபுரத்தின் வடபாற் கண்ட எண் இவ்வுண்மைக்குத் தமிழகம் அளித்த சான்றாகும். அவ்வெண்ணைக் கொண்டு நம் கணக்கைத் திருத்தினால், 83 கலையும் 39 கலையும் சேர்ந்து 168.6 கிலோமீட்டர் தரும். கோளமாகக் கொண்டபோது வந்தது 169.1. அரைக் கிலோமீட்டர் வேறுபாடு நிலவுலகின் தட்டைத் தன்மையால் நேர்ந்தது. 1975இல் வின்சென்டி வெளியிட்ட கணிப்பு முறை இத்தட்டை வடிவத்திற்கே உரியது. ஈரிடங்களின் தொலைவை மில்லிமீட்டர் அளவிற்குக் கணிக்கவல்லது.

ஆயினும் மில்லிமீட்டர் அளவிற்குக் கணித்தல் எப்பொழுதும் பொருளுடையதாகாது. வானூர்தி நிலையம் ஒரு புள்ளியன்று. ஓடுபாதைகளும் கட்டடங்களும் கொண்ட பரப்பு. அப்பரப்பின் நடுவணதாக ஒரு புள்ளியைக் குறித்து, அதனையே நிலையத்தின் நிலையாகப் பன்னாட்டு வானூர்திக் கழகத்தின் நெறிமுறை கொள்கின்றது. 1998 சனவரி முதல் நாளினின்று அப்புள்ளிகளை 1984ஆம் ஆண்டு உலக நிலவளவை அமைப்பின்படியே வெளியிடல் வேண்டும் என்பதும் அக்கழகத்தின் விதி. இதனால் நாடுதோறும் வேறுபட்ட அடிப்படைகள் ஒழிந்து ஓரடிப்படை நிலைபெற்றது. எனினும் கணிக்கப்படும் தொலைவு புள்ளிக்கும் புள்ளிக்கும் உரியது. வானூர்தி பறக்கும் வழிக்குரியதன்று. காற்றின் திசைக்கேற்ப ஓடுபாதையினின்று எழுந்து, வரையறுத்த வான்வழியிற் சென்று, முறைவந்தபின் இறங்கும் ஊர்தி எப்பொழுதும் அதனினும் மிகுதியாகவே பறக்கும். முன்னர்க் காதத்திற் கண்ட வழித்தொலைவு, நேர்த்தொலைவு என்னும் வேறுபாடு வானத்திலும் உண்டு.

8. எண்ணால் விளையும் பயன்

இவ்வாராய்ச்சி வெறுங் கணக்கன்று. 2016இல் இந்திய அரசு அறிவித்த உடான் என்னும் வட்டார வான்போக்குவரத்துத் திட்டம், ஏறத்தாழ 500 கிலோமீட்டர்ப் பயணத்திற்கு 2,500 ரூபாய் எனவும், பிற தொலைவுகளுக்கு அவற்றிற்கேற்பவும் கட்டண உச்சவரம்பு வகுத்தது. அத்திட்டத்தின் முதற் சுற்றில் 2017இல் நெய்வேலியும் இடம்பெற்றது. தொலைவின்படி கட்டணம் வகுக்கப்படும்போது, தொலைவென்னும் எண் பயணியின் பணமாகவும் அரசின் உதவித்தொகையாகவும் மாறுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் வகுத்த விதியும், தாமதத்தாலும் நீக்கத்தாலும் இடருறும் பயணிக்குரிய இழப்பீட்டை 1,500, 3,500 கிலோமீட்டர் என்னும் எல்லைகளால் வரையறுத்து, அத்தொலைவைப் பெருவட்ட முறையாற் காணுமாறு கூறுகின்றது. எல்லையை ஒட்டிய தொலைவாயின், எப்புள்ளி, எவ்வடிவம், எவ்வலகு என்னும் வினாக்கள் ஒருவர் பெறும் உரிமையையே முடிவு செய்யும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. காதம் முதலிய பண்டை அளவுகள் வழித்தொலைவைக் குறித்தன. அவற்றை இக்கால மைலாக ஒரே படியாக மாற்றுதல் ஏற்புடைத்தன்று. நேர்த்தொலைவைக் கணித்தற்கு வேண்டிய நிலையறிவு, நுங்கம்பாக்கத்து வானாய்வாலும் பரங்கிமலை அடிக்கோட்டாலும் தமிழகத்திற் பிறந்து இந்திய நாடெங்கும் பரவிற்று. அதனோடு சென்னைத் தீர்க்கரேகையின் பிழையும் பரவிற்று. ஆயின் ஓரடிப்படையைப் பிறழாது பற்றியவரை அப்பிழை தொலைவுக் கணக்கைத் தீண்டவில்லை. நெய்வேலிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவு கோளத்தின்படி 169.1 கிலோமீட்டர், தட்டைக் கோளத்தின்படி 168.6 கிலோமீட்டர், மாறுபட்ட படங்களை மயக்கினால் 167.3, குறுகிய வாய்பாட்டால் 180. இந்நான்கனுள் முன்னைய இரண்டும் தத்தம் அடிப்படையில் உண்மை. பின்னைய இரண்டும் எவ்வடிப்படையிலும் உண்மையல்ல.

ஆகவே, தொலைவைக் கூறுவோர் எண்ணோடு அதன் அடிப்படையையும் கூறுதல் வேண்டும். பாடல் ஒன்றை மேற்கோள் காட்டுவார் பதிப்பையும் குறித்தல் போன்றதே இது. பண்டைய ஊர்களின் இடைத்தொலைவைக் கொண்டு இலக்கியச் செய்திகளை ஆராய்வார்க்கும் இந்நெறி பயன்படும். காப்பியங்களும் கல்வெட்டுகளும் குறிக்கும் காதத் தொலைவுகளைத் தொகுத்து, ஊர்களின் நிலைகளை ஓரடிப்படையிற் கொண்டு கணித்து ஒப்பிட்டால், காதத்தின் உண்மை அளவு காலந்தோறும் இடந்தோறும் எவ்வாறு இருந்தது என்பது தெளிவாகும். அப்பணி தமிழாய்வாளரால் மேற்கொள்ளத்தக்கது.